மான் சுட ஒரு துவக்கு

நான் நிரப்பிய படிவங்களில் ஒரு வெட்டுத் திருத்தம்கூட இல்லாமல் அமைந்தது ஒன்றே ஒன்றுதான். மான் சுடுவதற்கு ரைபிள் வைத்திருக்க அனுமதி கேட்டு லண்டன் பொலிசுக்கு அனுப்பிய படிவம் அது. தபாற்பெட்டியில் போட்டுவிட்டு வரும்போது சீட்டியடித்துக்கொண்டு வந்தேன். விசரன், பைத்தியக்காரன்.

அது எண்பதுகளின் கடைசிப் பகுதி. கிழக்கு லண்டனின் ஃபாரஸ்ட் கேட்டில், ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். நான் எழுபதுகளில் கணக்கியல் படிக்கவென்று வந்து, படிப்பை முடிக்காமல், பாஸ்போர்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டவன். பார்க்கிங் என்ற இடத்துக்குப் பக்கத்தில் ஜன்னல் சட்டம் செய்யும் பட்டறை ஒன்றில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஆங்கிலம் நன்றாக வரும் என்று ஒரு பெயர் பரவியிருந்தது. அதனால் சனிக்கிழமை காலைகளில் எங்கள் முன் அறையில் ஆட்கள் நிரம்பிவிடுவார்கள். அரசாங்க உதவிப்பணம் கேட்கும் பெனிபிட் படிவம், கவுன்சில் வீட்டுப் படிவம், குடிவரவுக் கந்தோரிலிருந்து வந்த கடிதம். முகத்துக்கு நேரே இல்லையென்று சொல்லத் தெரியாத பிறவி நான். எல்லாருக்கும் எழுதிக் கொடுத்துவிட்டு, அவர்கள் போனபிறகு மனைவியிடம் எரிந்து விழுவேன்.

மேல்மாடியில் இரண்டு படுக்கையறைகளும், ஒரு கட்டில் போட்டால் கதவைத் திறக்க முடியாத ஒரு சின்ன அறையும் இருந்தன. அந்தச் சின்ன அறையில் என் மனைவியின் தம்பி இருந்தான். அவனுக்கு இருபத்துநான்கு வயது. அவனுடைய அகதி விண்ணப்பம் மறுக்கப்பட்டு, அப்பீலும் மறுக்கப்பட்டு, நாட்டை விட்டுப் போகச் சொல்லிக் கடிதமும் வந்துவிட்டது. அவன் போகவில்லை. பழைய விலாசத்தை விட்டு எங்களிடம் வந்துவிட்டான். வேறொருவரின் பெயரில் பெற்றோல் நிலையமொன்றில் இரவு ஷிப்ட் செய்தான், பகலில் திரைச்சீலையை இழுத்துவிட்டுத் தூங்கினான். கொழும்பில் நாலு மாதம் அவனை உள்ளே வைத்திருந்தார்கள். அங்கே என்ன நடந்தது என்று அவன் சொன்னதில்லை. ஆனால் யூனிபோர்மைக் கண்டால் கைகளை மடியில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்ப்பான். தபாற்காரனின் தொப்பியைக் கண்டாலும் அப்படித்தான்.

அவன் பிடிபடக் கூடாது. எங்கள் வீட்டில் இருந்த ஒரே சட்டம் அது. வாசல் மணி அடித்தால் எல்லோரும் அப்படியே நின்றுவிடுவோம். மூன்று வயது மகள்கூட வாயில் விரலை வைத்துக்கொள்வாள். யாரையும் சாப்பாட்டுக்குக் கூப்பிட முடியாது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவியை உள்ளே விட முடியாது. அந்தத் தம்பி மேல் எனக்குப் பாசம் இல்லாமலில்லை. ஆனால் உண்மையைச் சொன்னால், எனக்கு அந்த வீட்டில் மூச்சு முட்டியது.

இந்த நேரத்தில்தான் எங்கள் பட்டறைப் போர்மன் என்னை எசெக்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவர் மான் சுடுகிறவர். ஒரு கமக்காரர் தன் காட்டோரத்தில் சுட அவருக்கு அனுமதி கொடுத்திருந்தார். மான்கள் பெருகி, கோதுமைப் பயிரை முளையிலேயே தின்றுவிடுகின்றனவாம். போர்மனுக்கு முழங்கால் போய்விட்டது. சுட்ட மானை இழுத்துவர ஆள் வேண்டும். ஸ்டோரில் பெட்டி தூக்குகிறவன்தானே என்று என்னைக் கேட்டார். நான்தான் இல்லையென்று சொல்லத் தெரியாதவன் ஆயிற்றே.

மரத்தோடு சாய்த்துக் கட்டிய ஏணி ஒன்று, அதன் உச்சியில் ஒரு பலகை. அதில் இரண்டு பேரும் ஏறி இருந்தோம். இருமக் கூடாது, கதைக்கக் கூடாது, அசையக் கூடாது. இரண்டு மணி நேரம். முதல் அரை மணியில் என் கால் விறைத்தது. அதன் பிறகு ஏதோ நடந்தது. என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் யாருக்காகவும் பயப்படவில்லை. வீட்டிலும் சத்தம் போடாமல்தான் இருந்தோம், அது வேறு. இங்கே சத்தம் போடாமல் இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. அன்று மான் வரவேயில்லை. நான் சந்தோசமாகத் திரும்பி வந்தேன்.

ஏழெட்டு ஞாயிற்றுக்கிழமைகள் போனேன். அவருடைய துவக்கை நான் தொடுவதில்லை, அவரும் தருவதில்லை. "உனக்குச் சொந்தமாக ஒன்று வேண்டும்," என்று ஒருநாள் சொன்னார். "கமக்காரரிடம் நான் கடிதம் வாங்கித் தருகிறேன். இன்னும் இரண்டு வருடத்தில் என்னால் ஏணி ஏற முடியாது."

மனைவியிடம் சொன்னேன். அவள் மகளுக்குச் சீப்பால் தலை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"துவக்கோ?"

"மான் சுட. சட்டப்படி லைசென்ஸ் எடுத்து."

"அங்கை துவக்குக்குப் பயந்துதானே சனம் எல்லாத்தையும் விட்டுட்டு ஓடி வருது. உங்களுக்கென்ன விசரே?"

எனக்கு வேண்டியது துவக்கு இல்லை, அந்தப் பலகை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பின்னேர ஓவர்டைமில் சேர்த்த முந்நூறு பவுணையும் என் விருப்பத்துக்குச் செலவழிப்பேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு எழுந்துபோனேன்.

முந்நூறு பவுணுக்குள் எல்லாம் முடிய வேண்டும். ரொம்ஃபர்ட் பக்கம் ஒரு துவக்குக் கடை இருந்தது. சனிக்கிழமை பின்னேரங்களில் போர்மனோடு அங்கே போனேன். படிவத்துக்காக வந்த சனத்தைப் பாதியில் அனுப்பிவிட்டுப் போன நாட்களும் உண்டு. கடைக்காரர் முதலில் பின்லாந்தில் செய்த புதுத் துவக்கு ஒன்றைக் காட்டினார். அதன் போல்ட்டை, அதாவது தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் அந்த இரும்புப் பிடியை, ஒரு விரலால் தள்ளினாலே வெண்ணெயில் போவதுபோல் போனது. விலையைக் கேட்டேன். என் முழுக் காசும் போட்டாலும் பாதிதான் கிடைக்கும். மெதுவாகத் திருப்பிக் கொடுத்தேன்.

இரண்டாவது, யாரோ ஒரு பழைய பட்டாளத்துத் துவக்கை அறுத்து, மரத்தைச் செதுக்கி, வேட்டைத் துவக்காக்கியிருந்தது. ஐம்பது பவுண். நான் ஆசைப்பட்டுவிட்டேன். போர்மன் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, தொலைநோக்கி பூட்டத் துளைத்திருந்த துளைகளைக் காட்டினார். ஒன்று கோணல். "இதில் எவ்வளவு நல்ல கண்ணாடி பூட்டினாலும் நீ பக்கத்துக் காணியைத்தான் சுடுவாய்," என்றார்.

மூன்றாவது பர்மிங்காமில் செய்தது. மரம் முழுக்கக் கீறல், தோல் வார் அறுந்திருந்தது. வைத்திருந்தவர் ஒரு காட்டுக் காவலர், செத்துப்போய்விட்டார், மனைவி விற்கிறாள். பார்க்கச் சகிக்கவில்லை என்றேன். போர்மனுக்குக் கோபம் வந்துவிட்டது. மரத்தைப் பார்க்காதே, குழாயைப் பார் என்று போல்ட்டைக் கழற்றிவிட்டுக் குழாயை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். உள்ளே வரிகள் சுழன்று சுழன்று போயின. துரு இல்லை, புள்ளி இல்லை. குழாய் வாயின் விளிம்பை நகத்தால் தடவிப் பார்க்கச் சொன்னார். அங்கே ஒரு சின்ன நெளிவு இருந்தாலும் குண்டு நேரே போகாதாம். திருகாணிகளின் தலையைப் பார்க்கச் சொன்னார். தெரியாதவன் கழற்றிப் பூட்டியிருந்தால் தலை சிதைந்திருக்கும். எல்லாம் புதிதுபோல இருந்தன. இங்கிலாந்துச் சட்டம் மானுக்குக் கேட்கிற அளவுக் குண்டு, எந்தக் கடையிலும் கிடைக்கும், தோளையும் அதிகம் உதைக்காது. நூற்று நாற்பது பவுண்.

மிச்சக் காசில் தொண்ணூறு பவுணுக்கு ஒரு தொலைநோக்கி எடுத்து வைக்கச் சொன்னார். துவக்கில் மிச்சம் பிடிக்கலாம், கண்ணாடியில் மிச்சம் பிடிக்கக் கூடாது, மான் வருவது மங்கல் வெளிச்சத்தில் என்பது அவருடைய கணக்கு. நான் தலையாட்டினேன். எத்தனையோ பேருக்கு எத்தனையோ தீர்மானங்களை எழுதிக் கொடுத்தவன், எனக்கென்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தது அன்றுதான். அனுமதி வரும்வரை அதை எனக்காக ஒதுக்கி வைக்கக் கடைக்காரர் ஒத்துக்கொண்டார்.

பிறகுதான் அந்தப் படிவம். கமக்காரரின் கடிதத்தை இணைத்தேன். என்ன காரணம், என்ன அளவு, எங்கே பூட்டி வைப்பீர்கள், எல்லாம் அழகாக எழுதினேன். ஊரில் வெங்காயத் தோட்டத்துக்குக் குரங்கு வருகிறது என்று துவக்கு லைசென்ஸ் கேட்கிறவர்கள் கச்சேரிக்கு, அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்துக்கு, போவார்கள், மேசைக்கு முன்னால் நிற்பார்கள், முத்திரை வாங்கிக்கொண்டு வருவார்கள். அரசாங்கத்திடம் நாங்கள்தான் போக வேண்டும். அரசாங்கம் எங்கள் வீட்டுக்கு வந்தால் அது வேறு விசயத்துக்கு. அந்த எண்ணத்தோடேயே எழுதி, வீட்டு விலாசத்தையும் தபால் குறியீட்டையும் பெரிய எழுத்தில் போட்டேன்.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. வரும் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பொலிஸ் அதிகாரி ஒருவர் வீட்டுக்கு வந்து, துவக்கு வைக்கும் இடத்தையும் வீட்டில் இருப்பவர்களையும் பார்ப்பார்.

வாசித்துவிட்டு மனைவியிடம் நீட்டினேன். மனைவி கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டுப் படியிலேயே இருந்துவிட்டாள். மேலே அவன் தூங்கிக்கொண்டிருந்தான்.

"வேண்டாம் எண்டு எழுதுங்கோ," என்றாள் ரகசியக் குரலில்.

"இப்ப வேண்டாம் எண்டால் ஏன் எண்டு யோசிப்பான். பயந்து போனாங்கள் எண்டு தெரிஞ்சிடும். பேந்து சொல்லாமல் வருவான்."

"அப்ப என்ன செய்யிறது?"

வந்தாலும் ஆபத்து, வராமல் தடுத்தாலும் ஆபத்து. அந்தப் பொறியை நான்தான் செய்தேன், நானேதான் தபாற்பெட்டியிலும் போட்டேன். ஒரு மணி நேரம் மட்டும் அவனை வெளியே அனுப்பிவிட்டால் போதும் என்று முடிவெடுத்தோம். துவக்கு விசயமே அவனுக்குத் தெரியாது, பொலிஸ் வருகிறது என்று அவனிடம் சொல்லலாமா என்று கேட்டேன். "அவனுக்குச் சொல்லாதேங்கோ," என்றாள் மனைவி. "சொன்னால் அவன் நித்திரை கொள்ள மாட்டான், சாப்பிட மாட்டான். திரும்பி இந்த வீட்டுக்கு வரவே பயப்பிடுவான்." எனக்கும் அது சரியென்றே பட்டது.

செவ்வாய்க்கிழமை காலை அவன் ஷிப்ட் முடித்து வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, பிள்ளைக்குக் கோயில்லை ஒரு அர்ச்சனை செய்ய வேணும். எங்களுக்கு ஏலாது. நீ ஒருக்கா விம்பிள்டனுக்குப் போட்டு வாறியோ?" என்றேன்.

"இப்பவோ அத்தான்? நித்திரை வருது."

"இண்டைக்குத்தான் செய்ய வேணுமாம். போட்டு ஆறுதலா வா. அங்கேயே இருந்து சாப்பிட்டுட்டு வா."

அவன் என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தான். மனைவி பழமும் தேங்காயும் போட்ட பையைக் கையில் கொடுத்து, தள்ளாத குறையாக வெளியே அனுப்பினாள். அப்போது எட்டரை மணி.

ஒன்பது மணிக்குப் பொலிஸ் கார் வந்து எங்கள் வாசலிலேயே நின்றது. யூனிபோர்மில் இரண்டு பேர். இளையவன் காரோடு நின்றுகொண்டான். மூத்தவர் கைகொடுத்தார். நான் படிவம் நிரப்பிக் கொடுக்கும்போது வரவழைக்கும் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு அவரை உள்ளே அழைத்தேன். நல்ல மனிதர். சப்பாத்தைக் கழற்றட்டுமா என்று கேட்டார்.

இரும்புப் பெட்டி ஒன்றுக்குள் துவக்கைப் பூட்ட வேண்டும், அந்தப் பெட்டியைச் சுவரில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். அந்தப் பெட்டி மட்டும் ஐம்பது பவுண். அவர் அறை அறையாகப் போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தார். படிக்குக் கீழே ஈரம். எங்கள் அறையில் சுவர் வெறும் பலகை, ஆணி நிற்காது. கடைசியில் சின்ன அறைக் கதவைத் திறந்தார். வெளிச்சுவர், செங்கல்.

"இதுதான் சரியான இடம்," என்றார். பிறகு கட்டிலைப் பார்த்தார். சேர்ட் தொங்கியது. ஷேவ் செய்யும் ரேசர் ஜன்னலோரம் இருந்தது. "இங்கே யார் படுப்பது?"

"நான்தான்," என்றேன். "பிள்ளை அழும். எனக்குத் தூக்கம் வராது."

அவர் சேர்ட்டைப் பார்த்தார். என்னுடைய வயிற்றைப் பார்த்தார். பெட்டியின் சாவி என்னிடம் மட்டுமே இருக்க வேண்டும், பெட்டி பூட்டியபிறகு தான் இன்னொருமுறை வந்து பார்ப்பேன், அதன் பிறகும் எப்போதாவது வரக்கூடும் என்று சொல்லி, குறிப்பெழுதிக்கொண்டு போனார். மனைவி குசினியில் அடுப்புக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து அழுதாள். நான் தண்ணீர் குடித்தேன். தப்பிவிட்டோம் என்று நினைத்தேன்.

மூன்று மணியாயிற்று. ஐந்து மணியாயிற்று. அவன் வரவில்லை. பெற்றோல் நிலையத்துக்குப் போன் எடுத்தோம், அங்கும் போகவில்லை. கோயிலிலும் அவனை யாரும் காணவில்லையாம். காணாமல் போனவனைத் தேட வேண்டுமென்றால் பொலிசிடம்தான் போக வேண்டும். எங்கள் வீட்டில் இருக்கவே இல்லாத ஒருவனைக் காணவில்லையென்று எப்படிப் போய்ச் சொல்வது? பதினொரு நாள் அந்த வீட்டில் நாங்கள் பட்டது பகைவனுக்கும் வேண்டாம். பன்னிரண்டாம் நாள் இல்ஃபோர்டில் இருக்கும் அவனுடைய நண்பன் போன் பண்ணினான். ஆள் சுகமாக இருக்கிறான், தேட வேண்டாமாம், எங்கே என்று சொல்ல வேண்டாமென்று சொல்லியிருக்கிறான். ஏன் என்று மனைவி திரும்பத் திரும்பக் கேட்டாள். நண்பன் போனை வைத்துவிட்டான். அவனை அவசரமாக வெளியே அனுப்பினது ரோசமாகிவிட்டது என்று நான் சொன்னேன். நானும் அதை நம்பினேன்.

அவனுடைய அறைச் சுவரில் இரும்புப் பெட்டியைப் பூட்டினேன். அதிகாரி மறுபடியும் வந்து பார்த்துவிட்டு அனுமதி தந்தார். துவக்கை வாங்கினேன். ஏன் வாங்கினாய் என்று கேட்டால், அவ்வளவும் நடந்தபிறகு வாங்காமல் விடுவது இன்னும் பெரிய பைத்தியம் என்று பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பலகையில் ஏறி இருந்தேன். ஒரு மான் வந்து, பக்கவாட்டில் திரும்பி, நன்றாகக் காட்டிக்கொண்டு நின்றது. போர்மன் என் முழங்கையைத் தொட்டார். என்னால் சுட முடியவில்லை. அந்த அமைதி முழுக்க அவன் எங்கே படுக்கிறான், என்ன சாப்பிடுகிறான் என்பதுதான் இருந்தது. வீட்டில் முட்டிய மூச்சு அங்கேயும் முட்டியது.

எட்டு மாதம் கழித்து அவனை வேலை செய்த இடத்தில் பிடித்தார்கள். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் தடுத்து வைத்திருந்தார்கள். நானும் மனைவியும் பார்க்கப் போனோம். ஒரு மேசை, மூன்று கதிரை, மூலையில் ஒரு காவலாளி. அவன் மெலிந்திருந்தான். அக்கா அழுது முடியும்வரை காத்திருந்தான். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னான்.

"அண்டைக்கு நான் கோயிலுக்குப் போகேல்லை, அத்தான்."

"தெரியும். பரவாயில்லை."

"பிள்ளையின்ரை நட்சத்திரம் எனக்குத் தெரியாது. அக்கா எழுதித் தர மறந்திட்டா. நட்சத்திரம் இல்லாமல் எப்பிடி அர்ச்சனை செய்யிறது? கேட்டுக்கொண்டு போவம் எண்டு ஸ்டேசனிலை இருந்து திரும்பி வந்தனான். வாசல்லை பொலிஸ் கார். நீங்கள் சிரிச்சுக்கொண்டு கை குடுக்கிறியள்."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னைப் பிடிச்சுக் குடுக்கக் கூப்பிட்டனீங்கள் எண்டு நினைச்சன். நான் வெளியிலை இருக்கேக்கை பிடிக்கட்டும், பிள்ளைக்கு முன்னாலை வேண்டாம் எண்டு அனுப்பினீங்களாக்கும். நான் கோவிக்கேல்லை, அத்தான். எத்தினை நாளைக்குத்தான் வைச்சிருக்கிறது."

"அது துவக்குக்கு வந்த பொலிஸடா!" என்றேன். காவலாளி திரும்பிப் பார்த்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்லத் தொடங்கினேன். எசெக்ஸ், கோதுமை, போர்மனின் முழங்கால். பின்லாந்துத் துவக்கு விலை கூட, பட்டாளத்துத் துவக்கில் துளை கோணல், பர்மிங்காம் துவக்கின் குழாய் சுத்தம். நூற்று நாற்பது, தொண்ணூறு, ஐம்பது. சொல்லச் சொல்ல எனக்கே அது ஒரு பொய்யாகக் கேட்டது. ஒரு பிள்ளையை ஒளித்து வைத்திருக்கும் வீட்டுக்கு, மான் சுட வேண்டுமென்று பொலிசைக் கூப்பிடுகிற தமிழன் உலகத்தில் எங்கே இருக்கிறான்? பொய் சொல்கிறவன்தான் இவ்வளவு விபரம் சொல்லுவான்.

"அக்காவிட்டைக் கேள்," என்றேன்.

"ஓமடா தம்பி," என்றாள் மனைவி. "சத்தியமா."

அவன் கைகளை மடியில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தான்.

"நம்பிறன், அத்தான்," என்றான்.

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கொழும்பில் கேள்வி கேட்டவர்களுக்கு அவன் அப்படித்தான் பதில் சொல்லியிருப்பான் என்று எனக்கு விளங்கியது.

மூன்றாம் நாள் அவனை விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். கொழும்பில் மறுபடியும் சில மாதம் உள்ளே இருந்துவிட்டு, வெளியே வந்து, எங்கேயோ வாடகைக்கு அறை எடுத்து இருந்தான். துவக்கை நான் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்தேன். கொடுத்த விலையில் பாதி தந்தார், நான் பேரம் பேசவில்லை.

அவன் அக்காவுக்குக் கடிதம் எழுதுவான், ஆனால் எங்கள் வீட்டுக்கு எழுத மாட்டான். கடிதங்கள் இல்ஃபோர்டில் இருக்கும் அந்த நண்பனின் விலாசத்துக்கு வரும். மாதத்துக்கு ஒருமுறை மனைவி போய் வாங்கிக்கொண்டு வருவாள். வந்ததும் குசினி மேசையில் வைத்து எனக்கும் வாசித்துக் காட்டுவாள். அத்தான் சுகமா, பிள்ளை பள்ளிக்கூடம் போகிறாளா என்றெல்லாம் கேட்டிருப்பான். கடிதத்தின் தலைப்பில் விலாசம் எழுதும் இடத்தை அவள் நேர்த்தியாக மடித்துக் கிழித்திருப்பாள். உறை இருக்காது. அதை அவள் இல்ஃபோர்டிலேயே போட்டுவிட்டு வருவாள். அவன் எங்கே இருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.